பழைய நாணயங்களை ஆன்லைன் ஏலத்தில் வாங்குவதும் விற்பதும்: எதை முதலில் செய்ய வேண்டும்?

எங்கள் வாட்ஸ்அப் ஏலக் குழுவில் புதிதாகச் சேருபவர்களில் பாதிப் பேர் முதல் நாளே ஒரு படம் போடுவார்கள். பாட்டியின் தகரப்பெட்டியில் கிடைத்த நாலைந்து காசுகள், மங்கலான டியூப்லைட் வெளிச்சம், கீழே ஒரு கேள்வி: "சார், இது எவ்வளவு போகும்?" மீதிப் பேர் அன்றிரவே ஏலத்தில் இறங்கி, பத்து மணிக்குச் சூடேறி, 800 ரூபாய் காசை 2,300-க்கு எடுத்துவிட்டு மறுநாள் காலையில் "கேன்சல் பண்ண முடியுமா?" என்று தனியாக மெசேஜ் அனுப்புவார்கள்.

இரண்டு தரப்பும் செய்வது ஒரே தவறு. கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்கிறார்கள். அதனால் கீழே உள்ளவற்றை எண் வரிசைப்படியே செய்யுங்கள். விற்பதற்கு மட்டும்தான் வந்தேன் என்றாலும் வாங்கும் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம். இரண்டு காசாவது வாங்கிப் பார்க்காதவருக்கு, வாங்குபவர் எதைப் பார்த்துத் தயங்குவார் என்பது தெரியாது.

உதாரணங்களுக்கு நான் எடுத்துக்கொள்வது பிரிட்டிஷ் இந்தியாவின் வெள்ளி ரூபாய்களும் அதை ஒட்டிய காசுகளும். நான் புழங்குவது அதில்தான்.

1. ஒரு சின்ன வட்டத்தைப் போட்டுக்கொள்ளுங்கள்

"பழைய காசு" என்பது ஒரு வகை இல்லை. சோழர் செப்புக்காசு, திருவிதாங்கூர் பணம், விக்டோரியா ரூபாய், குடியரசு இந்தியாவின் நினைவு நாணயம் எல்லாவற்றுக்கும் தனித்தனி அறிவு வேண்டும். எல்லாவற்றிலும் கை வைப்பவர் ஒவ்வொன்றிலும் ஒருமுறை ஏமாந்துதான் கற்றுக்கொள்வார்.

முதல் ஆறு மாதத்துக்கு ஒரே ஒரு தொடர் போதும். ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் நல்ல தொடக்கம். 1911 முதல் 1922 வரை பெரும்பாலும் ஏராளமாக அடிக்கப்பட்டது, போலிகளைப் பற்றிய தகவலும் நிறைய. அதிலேயே ஒரு சுவாரசியமும் உண்டு. 1911-ஆம் ஆண்டு ரூபாயில் மன்னரின் மார்புச் சங்கிலியில் இருக்கும் யானை, பார்ப்பதற்குப் பன்றி போல இருந்ததால் எதிர்ப்பு வந்து, 1912-இல் உருவத்தைத் திருத்தினார்கள். "பன்றி ரூபாய்" என்று சேகரிப்பாளர்கள் சொல்வது அதைத்தான். இந்த இரண்டு யானைகளையும் கண்ணால் வேறுபடுத்தத் தெரிந்தாலே உருப்பெருக்கி பிடிக்கப் பழகிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

2. ஏலத்துக்கு முன்பே கையில் இருக்க வேண்டியவை

நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் சின்ன டிஜிட்டல் தராசு, 0.01 கிராம் துல்லியம், 200 கிராம் வரை தாங்குவது. இதை வாங்காமல் ஒரு வெள்ளிக் காசும் வாங்காதீர்கள். 10 மடங்கு உருப்பெருக்கி ஒன்று. ஒரு காந்தம். விட்டம் அளக்க வெர்னியர். எல்லாம் சேர்ந்தாலும் ஒரு சுமாரான வெள்ளி ரூபாயின் விலையைத் தாண்டாது.

காசுகளை வைக்க அட்டை ஹோல்டர் அல்லது மைலார் உறை. ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் மெத்தென்ற பிவிசி உறை வேண்டாம். நம்ம ஊர் வெப்பத்தில் அது சில வருடங்களில் இளகி, காசின்மேல் பச்சைப் பிசின் படியும். ஒரு ஆல்பம் முழுக்க அப்படிப் போனதை நான் பார்த்திருக்கிறேன். ஆல்பம் என்னுடையதுதான்.

இன்னொன்று, ஒரு நோட்டு. போன் செயலி இல்லை, காகித நோட்டு. ஏன் என்பது ஆறாம் படியில்.

3. நான்கு அடிப்படைச் சோதனைகள்

விலையைக் கற்பதற்கு முன் உண்மையைக் கற்க வேண்டும். போலிக்கு மலிவான விலை என்று ஒன்று கிடையாது.

எடை: 1835 முதல் 1945 வரையான வெள்ளி ரூபாயின் நியம எடை 11.66 கிராம். அரை ரூபாய் 5.83, கால் ரூபாய் 2.92. நன்றாகத் தேய்ந்த ரூபாய் 11.4, 11.5 வரை இறங்கலாம். எழுத்து கூர்மையாக இருந்தும் எடை 11.2 என்றால் அதைத் தொடாதீர்கள். தேயாத காசு எடையை எங்கே தொலைத்தது?

உலோகம்: எடை சரியாக இருந்தாலும் உலோகம் மாறியிருக்கலாம். தராசின்மேல் ஒரு சின்னக் கிளாஸில் தண்ணீர் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் ஓரத்திலும் படாமல் முழுக்கத் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுத்தால் அடர்த்தி வரும். 91.7% வெள்ளி ரூபாய்க்கு அது சுமார் 10.3. அதாவது 11.66 கிராம் காசுக்குத் தராசு ஏறக்குறைய 1.13 காட்டும். செம்பு-நிக்கல் போலி என்றால் 1.31 பக்கம் காட்டும். இந்தச் சோதனைக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. காசுக்கும் சேதமில்லை.

1940-லிருந்து 1945 வரையான ரூபாய்களில் வெள்ளி 50% தான், எடை மட்டும் அதே 11.66. எனவே அவற்றுக்கு அடர்த்தி குறைவாகத்தான் வரும். அது போலி என்று அர்த்தமில்லை. ஆனால் 1944-ஆம் ஆண்டு ரூபாயை "முழு வெள்ளி" என்று எழுதி விற்கிறவரிடம் வேறு எதையும் வாங்காதீர்கள்.

காந்தம்: வெள்ளியில் ஒட்டாது. ஆனால் "1947 ஒரு ரூபாய் காந்தத்தில் ஒட்டுகிறது, போலி" என்று மாதம் ஒருவராவது பதறிக்கொண்டு வருவார். 1947-இல் புலி உருவத்துடன் வந்த ரூபாய் நிக்கல். நிக்கல் காந்தத்தில் ஒட்டும், ஒட்டத்தான் வேண்டும்.

விளிம்பு: புதியவர்கள் இரண்டு முகத்தையும் பார்ப்பார்கள், விளிம்பைப் பார்க்க மாட்டார்கள். அச்சில் வார்த்த போலிக்கு விளிம்பைச் சுற்றி ஒரு மெல்லிய தையல் கோடு இருக்கும், பரப்பில் ஊசிமுனைக் குமிழிகள் இருக்கும். காசுமாலையில் கோத்திருந்த காசா என்பதும் விளிம்பில்தான் தெரியும். மேல்பக்கம் பற்றவைத்த தடத்தைத் தேய்த்து மறைத்திருப்பார்கள், அந்த இடத்தில் மட்டும் வரிப்பள்ளங்கள் மழுங்கியிருக்கும். நம் பக்கத்துக் காசுகளில் இது மிகச் சகஜம். காசு உண்மைதான், ஆனால் சேகரிப்பு மதிப்பில் பெரும்பகுதி போய்விட்டது.

அரிதான ஆண்டு என்றால் ஆண்டு எண்ணைத் தனியாக உருப்பெருக்கியில் பாருங்கள். 1939-ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய் புழக்கத்துக்கு அதிகம் வராததால் பெரிய விலை போகும். அதனாலேயே வேறு ஆண்டின் கடைசி எண்ணைத் திருத்தி விற்பவர்கள் உண்டு. இந்த அளவு விலையுள்ள காசை என்ஜிசி, பிசிஜிஎஸ் போன்ற தரச்சான்று நிறுவனங்களின் மூடிய உறையில் மட்டும் வாங்குங்கள். உறையில் இருக்கும் எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்கே இருக்கும் விவரமும் கையில் இருக்கும் காசும் ஒன்றுதானா என்றும் பாருங்கள். உறையையே போலியாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள்.

சோதனையே தேவையில்லாத சில உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி என்ற எழுத்தோடு 1616, 1717, 1818 என்று ஆண்டு போட்டு, ராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ இருக்கும் செப்புக் காசுகள். கம்பெனி அப்படி எதையும் வெளியிடவே இல்லை. அவை பின்னாளில் வியாபாரத்துக்காக அடித்த வில்லைகள். "அரிசியை இழுக்கும்" என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். ரைஸ் புல்லிங் என்ற பெயரில் தமிழ்நாட்டில் லட்சக்கணக்கில் இழந்தவர்கள் இருக்கிறார்கள், அது நாணய சேகரிப்பே இல்லை.

4. கேட்கும் விலையை அல்ல, முடிந்த விலையைப் படியுங்கள்

யூடியூபில் "இந்த 5 ரூபாய் நோட்டு இருந்தால் 5 லட்சம்" என்று வருவதெல்லாம் யாரோ ஒருவர் ஒரு விளம்பரத் தளத்தில் போட்ட ஆசை விலை. அந்த விலைக்கு யாரும் வாங்கவில்லை. காண்டாமிருகம் போட்ட 25 பைசாவும் அப்படித்தான். 2011 ஜூன் 30 முதல் 25 பைசாவும் அதற்குக் கீழான நாணயங்களும் செல்லாமல் போயின. செல்லாதது என்பதற்கும் அரியது என்பதற்கும் சம்பந்தமில்லை. கோடிக்கணக்கில் வீட்டுக்கு வீடு கிடக்கிறது.

நீங்கள் பார்க்க வேண்டியது ஏலம் முடிந்து உண்மையில் கைமாறிய விலை. மும்பையின் டோடிவாலா, பெங்களூருவின் மருதர் ஆர்ட்ஸ் போன்ற ஏல நிறுவனங்களின் பழைய பட்டியல்களில் லாட் (ஒரே எண்ணில் ஏலம் போகும் காசு அல்லது தொகுப்பு) வாரியாக அது கிடைக்கும். ஈபேயில் "விற்றவை" என்ற வடிகட்டியைப் போட்டால் மட்டும் உண்மை விலை தெரியும். அதைப் போடாமல் தேடினால் மறுபடியும் ஆசை விலைதான்.

நீங்கள் வாங்க நினைக்கும் காசுக்கு, அதே ஆண்டு, அதே அக்கசாலை (காசு அடித்த இடம்), ஏறக்குறைய அதே தரத்தில் குறைந்தது ஐந்து முடிந்த விலைகளை எழுதுங்கள். மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் அடித்துவிடுங்கள். இரண்டு பேர் வீம்புக்கு மோதிய இரவும், யாரும் ஆன்லைனில் இல்லாத இரவும் சந்தை விலையைச் சொல்லாது.

அக்கசாலைக் குறியை மறக்க வேண்டாம். குடியரசு நாணயங்களில் ஆண்டு எண்ணுக்குக் கீழே வைரம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், வட்டப் புள்ளி நொய்டா, எதுவும் இல்லையென்றால் கொல்கத்தா. ஒரே ஆண்டில் ஒரு குறி பத்து ரூபாய்க்கும், இன்னொரு குறி ஆயிரத்துக்கும் போகலாம். ஆண்டை மட்டும் வைத்து ஒப்பிட்டால் மொத்தக் கணக்கும் தப்பாகிவிடும்.

வெள்ளிக் காசுக்கு அடிமட்ட விலை ஒன்று எப்போதும் உண்டு. முழு வெள்ளி ரூபாயில் தூய வெள்ளி 10.69 கிராம், 1940 முதல் 1945 வரையானதில் 5.83 கிராம். அன்றைய வெள்ளி விலையால் பெருக்குங்கள். வெள்ளி ஏறும் காலத்தில் மூன்று மாதத்துக்கு முந்தைய ஏல விலைகள் உதவாது, இந்தக் கணக்குதான் கை கொடுக்கும்.

5. எந்த மேடை, அதன் விதி என்ன

மூன்று வகை ஏலங்கள் இருக்கின்றன. ஒன்றின் பழக்கத்தை இன்னொன்றில் கொண்டுபோனால் இடறுவீர்கள்.

ஏல நிறுவனங்களின் மின்னேலம்: அச்சிட்ட பட்டியல், லாட் எண், பான் அட்டை கேட்டுப் பதிவு. விலை அதிகம், ஆனால் காசைப் பார்த்துச் சொல்ல அங்கே ஆள் இருக்கிறார். கடைசி நிமிடங்களில் யாராவது கேட்டால் நேரம் தானாக நீளும்.

ஈபே மாதிரியான தளங்கள்: ஈபேயின் இந்தியத் தளம் 2018-இல் மூடப்பட்டது. வெளிநாட்டுத் தளத்தில் வாங்கலாம், ஆனால் தபால் செலவையும் சுங்க வரியையும் சேர்த்தால்தான் உண்மை விலை. இங்கே முடியும் நேரம் முடிவானது, நீளாது.

வாட்ஸ்அப், ஃபேஸ்புக் குழு ஏலங்கள்: அட்மின் படம் போடுவார், தொடக்க விலை, ஏற்றும் தொகை, முடியும் நேரம் சொல்வார். அந்தப் படத்தைச் சுட்டி, அதற்கு ரிப்ளையாக உங்கள் தொகையைப் போட வேண்டும். படத்தைச் சுட்டாமல் வெறுமனே "650" என்று போட்டால் பல குழுக்களில் அது செல்லாது. போட்ட தொகையை அழிப்பது பெரிய குற்றம், முதல் தடவையே வெளியேற்றிவிடுவார்கள். இதில் கமிஷன் குறைவு. ஆனால் பாதுகாப்பு என்பது அட்மினின் நேர்மை மட்டும்தான். அதனால் ஒரு மாதம் வேடிக்கை பாருங்கள். தகராறு வந்தபோது அட்மின் என்ன செய்தார் என்பதைக் கவனியுங்கள். தகராறே வராத குழு என்றால் சங்கடமான கேள்விகளை அழித்துவிடுகிறார்களோ என்று நான் சந்தேகப்படுவேன்.

எந்த மேடையானாலும் நிபந்தனைகளில் நான்கைத் தேடிப் படியுங்கள்: வாங்குபவர் மேல் கமிஷன் எவ்வளவு, வரி எதன் மேல், போலி என்று நிரூபணமானால் எத்தனை நாளுக்குள் திருப்பலாம், பணம் கட்ட எத்தனை நாள்.

6. உச்ச விலையை ஏலத்துக்கு முந்தைய நாளே எழுதுங்கள்

இந்த ஒரு படியை ஒழுங்காகச் செய்தால் மற்றவற்றில் வரும் பாதித் தவறுகள் வராது. நேரம்: முந்தைய நாள், பகலில், வயிறு நிரம்பியிருக்கும்போது. இடம்: அந்தக் காகித நோட்டு. போனில் எழுதினால் ஏலத்தின் நடுவே திருத்திவிடுவீர்கள். மையால் எழுதியதை அடிக்கக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சம்தான் நமக்கு வேண்டும்.

எழுதுவது மொத்தச் செலவு. ஏலம் கேட்கும் தொகையை அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். ஒரு காசுக்கு எல்லாம் சேர்த்து 5,000 தரத் தயார் என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவர் கமிஷன் 15%, ஏலத் தொகையும் கமிஷனும் சேர்ந்ததன்மேல் வரி 5%, தபால் 150 என்றால்:

5,000-இல் தபாலைக் கழித்தால் 4,850. அதை 1.15-ஆலும் 1.05-ஆலும் வகுத்தால் சுமார் 4,016. ஆக, நீங்கள் கேட்கக்கூடிய உச்சம் 4,000. சுத்தியல் 4,000-இல் விழுந்தால் கமிஷன் 600, வரி 230, தபால் 150, மொத்தம் 4,980.

5,000 வரை கேட்டிருந்தால் கையை விட்டுப் போவது 6,187 ரூபாய். கமிஷனும் வரியும் ஒவ்வொரு இடத்திலும் மாறும், எண்களை உங்கள் பட்டியலில் பார்த்துப் போடுங்கள், முறை இதுதான்.

7. ஏலம் கேட்கும் நேரம்

உச்சத் தொகையை முன்கூட்டியே பதியும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். பலருக்கு இதில் பயம்: "4,000 என்று போட்டால் 4,000-த்தையும் எடுத்துக்கொள்வார்களே?" இல்லை. உங்கள் உச்சம் 2,000, இன்னொருவர் உச்சம் 1,400, ஏற்றும் தொகை 50 என்றால் உங்களுக்கு 1,450-இல் விழும். மிச்சத்தை இயந்திரம் தொடாது. தொகையை 4,000 என்று முழு எண்ணில் போடாமல் மேடை அனுமதித்தால் 4,010 என்று போடுங்கள். நிறையப் பேர் முழு எண்ணில்தான் நிற்பார்கள்.

கடைசி நொடியில் கேட்கும் உத்தி, நேரம் நீளாத மேடையில் மட்டும் வேலை செய்யும். நீளும் மேடையில் அது வெறும் பதற்றம். வாட்ஸ்அப் குழுவில் அதைச் செய்தால் நெட்வொர்க் உங்களைக் கைவிடும். உங்கள் போனில் 8:59-க்குப் போன மெசேஜ் மற்றவர்களுக்கு 9:01-க்கு வந்து சேரும், அப்புறம் அட்மினோடு சண்டை.

ஒரே விற்பனையாளரின் லாட்களில் மட்டும் ஒரு பெயர் தொடர்ந்து விலையை ஏற்றி, கடைசிக்கு முன் நழுவிக்கொண்டே இருந்தால் அது அவருடைய ஆள். நிரூபிக்க முடியாது, அதனால் குழுவில் கத்த வேண்டாம். அந்த விற்பனையாளரின் லாட்களை விட்டுவிடுங்கள்.

உச்சம் தாண்டிவிட்டால் போனைக் கவிழ்த்து வையுங்கள். 1918-ஆம் ஆண்டு ரூபாய் அடுத்த வாரமும் வரும்.

8. பார்சல் வந்ததும் செய்ய வேண்டியது

உறையைப் பிரிப்பதற்கு முன் வீடியோ ஓட வேண்டும். முத்திரை, முகவரி, பிரிப்பது, காசு வெளியே வருவது, தராசில் வைப்பது, எல்லாம் ஒரே ஓட்டத்தில், நடுவில் வெட்டாமல். பிரித்த பிறகு எடுத்த வீடியோவை எந்த விற்பனையாளரும் ஏற்க மாட்டார், ஏற்கவும் வேண்டியதில்லை.

மூன்றாம் படியின் நான்கு சோதனைகளையும் அன்றே செய்யுங்கள். திருப்பும் காலம் பெரும்பாலும் சில நாட்கள்தான். எனக்கு ஒருமுறை 1903-ஆம் ஆண்டு ரூபாய் ஒன்று வந்தது. பார்க்க அழகாக இருந்ததால் நேரே ஆல்பத்தில் வைத்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்து வேறு காரணத்துக்காக எடை போட்டபோது 10.9 கிராம். யாரிடம் போய்க் கேட்பது? அதை இப்போது குழுவில் புதியவர்களுக்குக் காட்டுவதற்கு வைத்திருக்கிறேன்.

அப்புறம், கழுவாதீர்கள். புளி, திருநீறு, பல்பொடி, வெள்ளி பாலிஷ் எதுவும் வேண்டாம். காலம் படிந்த கருமை என்பது அழுக்கு இல்லை, யாரும் தேய்க்கவில்லை என்பதற்கான சாட்சி. தேய்த்த காசில் உருப்பெருக்கி வழியாக ஒரே திசையில் மயிரிழைக் கீறல்கள் தெரியும். தேய்த்துப் பளபளக்கும் விக்டோரியா ரூபாயைவிடக் கறுத்த விக்டோரியா ரூபாய்க்குத்தான் அதிக விலை. பண்டிகைக்குப் பூஜைப் பாத்திரத்தோடு சேர்த்து இதையும் தேய்த்துவிட வாய்ப்புண்டு, வீட்டில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

9. விற்கும் முன் சட்டம்

100 ஆண்டுக்கு மேற்பட்ட நாணயம் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி தொல்பொருள். அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. "அமெரிக்காவிலிருந்து ஒருவர் கேட்கிறார், சாதாரணத் தபாலில் போட்டுவிடலாமா?" என்றால், கூடாது. உள்நாட்டில்கூட அவற்றை விற்பதையே தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும். அதனால்தான் வீட்டில் இருந்த ஒரு தொகுப்பை, முறையான ஏல நிறுவனத்தின் வழியாக விற்பது நல்லது என்கிறேன். இந்த 100 ஆண்டு எல்லை ஒவ்வொரு வருடமும் நகரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நிலத்தைத் தோண்டும்போது கிடைத்த புதையல் காசு என்றால் கதையே வேறு. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். அப்படிப்பட்ட காசை ஏலத்தில் வாங்கவும் வேண்டாம்.

2016-இல் செல்லாமல் போன 500, 1000 நோட்டுகளைச் சேகரிப்புக்காக மொத்தம் 25 வரை மட்டும் வைத்திருக்கலாம். கட்டுக்கட்டாக "ஃபேன்சி நம்பர்" விற்பவரிடமிருந்து விலகியிருங்கள்.

10. படமும் விவரமும்

இப்போது தகரப்பெட்டியை எடுக்கலாம்.

ஃபிளாஷ் வேண்டாம். காலை வேளையில் ஜன்னல் ஓரம், நேர் வெயில் படாத இடம், சாம்பல் நிறக் காகிதம். காசை விளிம்பில் பிடியுங்கள், விரல்ரேகை வெள்ளியில் நிரந்தரமாகப் பதியும். முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு, தராசில் எண் தெரிய ஒன்று என நான்கு படங்கள். அந்தத் தராசுப் படத்தைப் பார்த்த பிறகுதான் அனுபவசாலிகள் கேட்கத் தொடங்குவார்கள். அது இல்லாத லாட்டை நானே தாண்டிப் போய்விடுவேன்.

விவரத்தில் ஆண்டு, மன்னர், மதிப்பு, அக்கசாலை, எடை, விட்டம், குறைகள். "மிக அரிது", "சூப்பர்", "லட்சுமி கடாட்சம்" எதுவும் வேண்டாம். அரிதா என்பது வாங்குபவருக்குத் தெரியும், தெரியாதவரிடம் விற்றால் திருப்பி அனுப்புவார். குறையை முதல் வரியிலேயே எழுதுங்கள்: "12 மணி இடத்தில் பற்றவைத்த தடம் உண்டு." இதனால் விலை கொஞ்சம் குறையலாம். ஆனால் பார்சல் திரும்பி வராது, உங்கள் பெயர் குழுவில் நிற்கும்.

தொகுப்பாக விற்பதா, தனித்தனியாகவா? ஆயிரம் ரூபாய்க்கு மேல் போகக்கூடியதைத் தனியாக வையுங்கள், மற்றதைக் கூட்டாகப் போடுங்கள். ஒரு நல்ல காசைப் பத்து சாதாரணக் காசுகளோடு சேர்த்தால், கூட்டத்தில் அதைக் கண்டுபிடிப்பவர் சாதாரண விலைக்குத் தூக்கிவிடுவார். வாங்கும்போது நான் அப்படித்தான் தேடுகிறேன்.

11. தொடக்க விலையும் நாளும்

தொடக்க விலையைக் குறைத்து வைத்தால் பத்துப் பேர் கேட்பார்கள், அந்தப் பத்துப் பேரின் சூடு விலையை ஏற்றும். ஆனால் இது பலரும் தேடும் காசுக்கு மட்டும் பொருந்தும். யாரோ இரண்டு பேர் மட்டும் தேடும் அபூர்வக் காசை 100 ரூபாயில் தொடங்கினால் 300-இல் முடிந்து வயிறெரியும். அப்படிப்பட்டதற்கு உங்கள் அடிமட்ட விலையிலேயே தொடங்குங்கள். வெள்ளி என்றால் உலோக விலைக்குக் கீழே தொடங்கவே வேண்டாம்.

இரவு 8 முதல் 10 நல்ல நேரம். மாதத்தின் முதல் பத்து நாள், மற்ற நாட்களைவிடப் பெரும்பாலும் கொஞ்சம் கூடுதலாகப் போகும், சம்பளம் வந்த கை. தீபாவளி வாரமும் முக்கியமான ஐபிஎல் ஆட்ட நாளும் வேண்டாம்.

ஏல நிறுவனத்திடம் ஒப்படைத்தால், காசுகளின் படமும் எடையும் உள்ள பட்டியலில் அவர்கள் கையெழுத்து வாங்காமல் கடையை விட்டு வெளியே வராதீர்கள். விற்பவர் கமிஷன், விற்காத லாட்டுக்குக் கட்டணம் உண்டா, பணம் எத்தனை நாளில் வரும் என்பது அதில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சில் "ஒரு மாசத்துல வந்துடும்" என்பது நான்கு மாதமான அனுபவம் எங்கள் குழுவில் இரண்டு பேருக்கு உண்டு.

12. பணமும் தபாலும்

பணம் வாங்க யுபிஐ பின் தேவையே இல்லை. "கியூஆர் அனுப்புகிறேன், ஸ்கேன் செய்து பின் போடுங்கள், பணம் வரும்" என்றால் பணம் போகும், வராது. ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள், வங்கிக் கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகு பொட்டலம் கட்டுங்கள்.

"உங்கள் காசுக்கு 12 லட்சம், ஆனால் ரிசர்வ் வங்கிச் சான்றிதழுக்கு முன்பணம் கட்ட வேண்டும்" என்று வரும் அழைப்புகள் அனைத்தும் மோசடி. பழைய நாணயம், நோட்டு விற்பனையில் தங்களுக்குச் சம்பந்தமே இல்லை, கமிஷன் எதுவும் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவித்தது. முன்பணம் கட்டியவர்கள் பெரும்பாலும் ஓய்வூதியக்காரர்கள். வீட்டில் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் இதைச் சொல்லுங்கள்.

காசை ஹோல்டரில் போட்டு, இரண்டு கனமான அட்டைக்கு நடுவில் டேப் ஒட்டி, குலுக்கினால் சத்தம் வராதபடி வையுங்கள். கிலுகிலு சத்தம் வரும் உறை பாதி வழியில் லேசாகிவிடும். உறைமேல் "நாணயம்" என்று எழுதாதீர்கள். ஸ்பீடு போஸ்டில் பதிந்து, மதிப்புள்ளது என்றால் கவுண்டரில் காப்பீடு கேளுங்கள். பொட்டலம் கட்டுவதையும் வீடியோ எடுங்கள், எதிர்த்தரப்பு பிரிக்கும் வீடியோவுக்கு அதுதான் பதில்.

லாட் விற்கவில்லை என்றால் அடுத்த நாளே விலையைக் குறைத்துப் போட வேண்டாம். அதே முகங்கள்தான் பார்க்கும், இன்னும் இறங்கும் என்று காத்திருக்கும். ஆறு வாரம் எடுத்து வையுங்கள், புதிதாகப் படம் எடுங்கள், வேறு மேடையில் போடுங்கள். அப்போதும் போகவில்லை என்றால் நான்காம் படிக்குத் திரும்பி, அந்த ஐந்து விலைகளை மறுபடி எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் தவறு அங்கேதான் இருக்கும்.